விஜயதசமி காலையில் நீலமான பால்

சென்ற மாதம் என் பழைய ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறோம், வந்து பாருங்கள் மேடம் என்றார்கள். போனேன். சின்னக் கிண்ணத்தில் பாலை வைத்தால் அது ஒரு குழாயால் உறிஞ்சிக்கொள்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் கொழுப்பு, புரதம், சர்க்கரை எல்லாம் திரையில் வந்து நின்றுவிட்டன. நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மூன்று விவரங்களுக்காக அமிலம் தெறித்து ஓட்டையான என் சேலைகளை நினைத்துக்கொண்டேன்.

அங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "மெஷின் இல்லாம, வெறும் கண்ணால பாத்துட்டு, அதை எப்படி மேடம் நம்புனீங்க?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் ஓய்வு பெற்றாலும் என் கோபம் இன்னும் ஓய்வு பெறவில்லை. "நம்பலம்மா. அதனாலதான் வேலை ஒழுங்கா நடந்தது" என்றேன். அவள் முழித்தாள். அவளுக்கு விளங்கவைக்க வேண்டுமானால் 1991ஆம் வருஷத்து விஜயதசமி காலையைச் சொல்லவேண்டும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அது முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்துக்காரி. காஞ்சிபுரம் என்றதும் எல்லோரும் பட்டு என்பார்கள். எங்கள் வீட்டுத் தறியில் ஓடியது பருத்தி. வேதியியலில் பட்டம் வாங்கினேன், சென்னையில் ஒரு பால் ஆய்வகத்தில் பயிற்சி என்ற பெயரில் கண்ணாடிக் குழாய் கழுவினேன், பிறகு ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியிருந்த ஒரு தனியார் பால் குளிரூட்டு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ரயில் இல்லாத ஊர். தினமும் பஸ்தான். பெங்களூர் சாலையில் அப்போது தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டையில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளின் அம்மாக்கள்தான் அன்றைக்கு எங்களுக்குப் பால் அனுப்பியவர்கள்.

எங்கள் ஆய்வகத்தின் தலைவர் வரதராஜன் சார். குரலை உயர்த்தமாட்டார். கேன் கழுவும் ஆளைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். மரியாதையாகப் பேசிக்கொண்டே உயிரை எடுப்பார். நான் ஒரு முடிவைச் சொன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரி, இன்னொரு தரம் கேளுங்க, பால் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்பார். பால் என்ன சொல்லும், நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

சேர்ந்த முதல் வாரமே அவர் எனக்கு நடத்திய பாடம் இது. "பால் நமக்காகச் சுரக்கல, கௌசல்யா. கன்னுக்குட்டியை மனசுல வெச்சுக்குங்க. அது ஓடணும், துள்ளணும், அதுக்குச் சர்க்கரை. சதையும் தோலும் குளம்பும் வளரணும், அதுக்குப் புரதம். குளிர் தாங்கணும், ஒரு வேளை பால் கிடைக்கலேன்னாலும் தாக்குப்பிடிக்கணும், அதுக்குக் கொழுப்பு. நாலாவதா ஒண்ணு இருக்கு. பிறந்தது கன்னுக்குட்டிதான், ஆட்டுக்குட்டி இல்லன்னு ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் எழுதிவெச்சிருக்கிற அமிலம், டி.என்.ஏ. அது நம்ம குழாய்ல அகப்படாது. அகப்படற மூணையும் ஒழுங்கா விசாரிங்க, போதும்." கல்லூரியில் மூன்று வருஷம் தலைகீழாக மனப்பாடம் செய்த பாடம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

விசாரணை என்றால் லேசுப்பட்டதல்ல. கொழுப்புக்கு, கழுத்து நீண்ட ஒரு கண்ணாடிக் குழாய். முதலில் கந்தக அமிலம். அதன் மேல் பாலை விடவேண்டும். நேராக ஊற்றினால் பொங்கி முகத்துக்கு வரும், குழாயின் பக்கவாட்டில் வழியவிட்டால் அமிலத்தின் மேல் சாதுவாக உட்காரும். பிறகு சில துளி ஆல்கஹால். ரப்பர் மூடியைத் திருகி, துணியில் சுற்றிக்கொண்டு குலுக்கினால் குழாய் கையைச் சுடும். பாலில் கொழுப்புத் துளிகளைப் புரதம் போர்வை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அமிலம் அந்தப் போர்வையை எரித்துக் கரைத்துவிடும். அப்புறம் குழாயை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி, வெந்நீரில் நிற்கவைத்தால், காப்பிப் பழுப்பு நிறத்துக்கு மேல் பொன்னிறத்தில் கொழுப்பு தனியாக ஏறி நிற்கும். கழுத்திலிருக்கும் கோடுகளை வைத்து அதைப் படிக்கவேண்டும். நான் படித்ததும் வரதராஜன் சார் குனிந்து தானும் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு.

கலப்படத்துக்குத் தனிச் சோதனைகள். அதில் மிகச் சுலபமானது மாவுக்கான சோதனை. பாலைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அயோடின் ஒரு சொட்டு விடவேண்டும். மாவு இல்லையென்றால் மஞ்சளாக நிற்கும். இருந்தால் நீலம். சுடச்சுட விட்டால் நீலம் கண்ணுக்கு வராது, அதனால் ஆறும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். பொறுமையில்லாத எனக்கு அதுதான் பெரிய சோதனை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பென்னலூரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெண்கள் அந்த வருஷம்தான் சேர்ந்து ஒரு பால் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வியாபாரியின் வாசலில் செம்போடு நின்றவர்கள். அவர் வைத்ததுதான் அளவு, அவர் சொன்னதுதான் தரம். நல்ல பாலைப் பார்த்தும் தண்ணி என்று முகத்தைச் சுளிப்பாராம். சங்கம் தொடங்கியபோது அவர் சிரித்துக்கொண்டே, "எங்க போய்டப் போறீங்க, என் வாசலுக்குத்தான் வருவீங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னவள் சங்கத்தின் செயலாளர் ஸ்டெல்லா. என் வயதுதான் இருக்கும். சைக்கிளில் வருவாள், அதிகம் பேசமாட்டாள். தலைவி முனியம்மா அவளுக்கும் சேர்த்துப் பேசுவார்.

விஜயதசமி அரசாங்க விடுமுறைதான். பாலுக்கு ஏது விடுமுறை? லாரி வழக்கம்போல வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கேன்களில் வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. ஒவ்வொரு சங்கத்துப் பாலிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்துக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லாவின் சங்கத்துப் பாலில் அயோடின் சொட்டு விழுந்தது. நீலம். மறுபடி செய்தேன். மறுபடியும் நீலம்.

பாலில் மாவைக் கலக்க ஒரே காரணம்தான். தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துப்போகும். அதைக் கெட்டியாகக் காட்ட மாவு. எங்கள் நிலையத்தின் விதியும் நேரானது. மாவு தெரிந்தால் பாலைக் கீழே ஊற்றவேண்டும், சங்கத்தை நிறுத்தவேண்டும். மேலாளர் சேதி கேட்டதும், "ஆரம்பத்துலயே நினைச்சேன்" என்றார். என்ன நினைத்தார், எப்போது நினைத்தார் என்று அவரைக் கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வரதராஜன் சார் மட்டும், "கேன்களைக் குளிர்ந்த தண்ணித் தொட்டியில இறக்கி வைங்க. பால் கெட்டுப்போறதுக்குள்ள விசாரிச்சு முடிச்சிடலாம்" என்றார்.

லாரி டிரைவர் போய்ச் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா முனியம்மாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்துவிட்டாள். மேலாளர் ஆய்வக வாசலிலேயே மறித்து, "உங்க பால்ல மாவு இருக்கு" என்றார்.

"மாவா? இன்னா சார் சொல்றீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

முனியம்மா முன்னால் வந்தார். "மாட்டுக்கு நாங்க கஞ்சி வெக்கறோம் சார். கழனித் தண்ணி, சோறு வடிச்ச கஞ்சி, எல்லாம் அதான் குடிக்குது. அதுதான் பால்ல எறங்கிகினுகீது. மாடு இன்னா துன்னுதோ அதான சார் குடுக்கும்?"

மேலாளர் சிரித்தார். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட சாக்கு என்று அவர் முகமே சொன்னது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொல்வதுதான் சரி, அதுதான் என்னை வாட்டியது. மாவு செடியின் சேமிப்பு. நெல்லிலும் கிழங்கிலும் அது இருக்கும். மாட்டின் வயிற்றுக்குள் போனால் உடைந்து கரைந்து வேறொன்றாகிவிடும். மடியில் பால் சர்க்கரைதான் சுரக்கும். எந்த ஊர்ப் பசுவுக்கும் மாவு சுரக்காது. பாலில் மாவு இருந்தால் அது மடிக்கு வெளியே சேர்ந்தது. முனியம்மா சொன்ன காரணம் அவர்களைக் காப்பாற்றவில்லை, இன்னும் கீழே தள்ளியது.

"இவங்க பொய் சொல்றாங்கன்றது தெரிஞ்சுபோச்சே சார்" என்றார் மேலாளர்.

"தப்பாச் சொல்றாங்க. பொய் சொல்றாங்களான்னு இன்னும் தெரியல" என்றார் வரதராஜன் சார். பிறகு என் பக்கம் திரும்பி, "கௌசல்யா, பாலை ஒரு கேள்விதான் கேட்டிருக்கீங்க. மத்ததையும் கேளுங்க. நாலு கேனையும் தனித்தனியா" என்றார்.

ஒவ்வொரு கேனையும் நன்றாகக் கலக்கி மாதிரி எடுத்தேன். கொழுப்பு பார்த்தேன். நாலிலும் நல்ல கொழுப்பு, முந்தின வாரம் எப்படியோ அப்படியே. அடர்த்தி பார்த்தேன். அதிலும் குறையில்லை. தண்ணீர் சேர்ந்திருந்தால் இரண்டும் இறங்கியிருக்கும். தண்ணீரே ஊற்றாதவள் எதற்காக மாவு கலக்கவேண்டும்?

பிறகு நாலு குழாய்களில் அயோடின். அவற்றை வரிசையாகத் தாங்கியில் நிறுத்தினேன். முதல் கேன் அடர்ந்த நீலம். இரண்டாவது வெளிர் நீலம். மூன்றாவதில் லேசான பச்சை. நாலாவது மஞ்சள். வரதராஜன் சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் கேன் முதல்ல நிரம்புச்சும்மா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா கேன்களின் எண்களைப் பார்த்துச் சொன்னாள். நான் நிறுத்தியிருந்த அதே வரிசை. "அப்போ முதல்ல ஊத்தின பால் எதையோ கழுவிக்கிட்டு வந்திருக்கு" என்றார் அவர். "வாங்க, போய்ப் பார்த்துடுவோம்."

ஜீப்பில் போனோம். மேலாளரும் வந்தார், எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிற மாதிரி. நான் அயோடின் புட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் அந்த வியாபாரி டீக்கடையில் நின்றிருந்தார். ஜீப்பில் முனியம்மாவைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்க வூட்டு மாட்ட வித்தாலும் விப்பேன், இவன் வாசல்ல போய் நிக்கமாட்டேன்" என்றார். மாட்டை விற்றால் அந்த வீட்டில் வேறு ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

சங்கம் ஓர் ஓலைக் கொட்டகை. ஒரு பசுவின் மடியிலிருந்து நேராகக் கறந்த பாலை அங்கேயே காய்ச்சி, ஆறவைத்துச் சோதித்தேன். மஞ்சள். அளவுப் பாத்திரத்தை அலசிய தண்ணீர். மஞ்சள். புனல், கேன் மூடி, எல்லாம் மஞ்சள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கொட்டகைக் கழியில் ஒரு வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பால் வடிகட்டும் துணி. ஒரு மூலையில் மஞ்சள் பூசியிருந்தது. ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்று கையை வைத்தேன். பால் ஓடிய நடுப்பகுதி துவண்டிருந்தது, ஓரங்கள் மட்டும் மொடமொடவென்று நின்றன. அந்த மொடமொடப்பு எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். நூல் அறாமல் இருக்கப் போடுகிற அந்தக் கஞ்சி நெய்த பிறகும் துணியில்தான் இருக்கும். கடையிலிருந்து வரும் புதுத்துணி விறைப்பாக நிற்பது அதனால்தான்.

"இது புதுசா?" என்றேன்.

"ஆமா, இன்னிக்குத்தான் எடுத்தோம்" என்றாள் ஸ்டெல்லா. "பூஜைக்குன்னு நான்தான் வாங்கியாந்தேன். பழைய துணி நைஞ்சு பூட்ச்சி."

"நனைச்சீங்களா?"

முனியம்மா குறுக்கே வந்தார். "புதுத்துணிய யாராவது நனைப்பாங்களா? மஞ்சள் வெச்சு, படையல்ல வெச்சு, நல்ல நாளும் அதுவுமா அப்டியே எடுத்து ஒடுத்தறதுதான? அத்தயே தான் இதுக்கும் செஞ்சேன். புதுசுக்கு ஒரு மரியாத வாணாமா?"

துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். சொட்டு விழுந்த இடம் மை கொட்டினது போல் கறுநீலமாகப் பரவியது. நான் சிரித்துவிட்டேன். நிம்மதியில் வந்த சிரிப்பு. முனியம்மா என்னைப் பார்த்து, "இன்னாம்மா சிரிக்கற, இன்னா ஆச்சு சொல்லு" என்று அதட்டினார்.

மேலாளர் விடவில்லை. ஒரு துணியிலிருந்து ஒரு கேன் பாலுக்கு இவ்வளவு வருமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வரதராஜன் சார் சந்தோஷமாகிவிட்டார். யாராவது சந்தேகப்பட்டால் அவருக்குப் பலகாரம் சாப்பிட்ட மாதிரி. "வாங்கின துணியில மிச்சம் இருக்காம்மா?" என்றார். ஸ்டெல்லா பாதியை எடுத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு எல்லோரும் ஆய்வகத்துக்குத் திரும்பினோம்.

வேறொரு சங்கத்து நல்ல பாலை எடுத்து, கறந்த சூட்டுக்குக் கொண்டுவந்தோம். மிச்சத் துணியை இரண்டாக வெட்டினோம். ஒன்றைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து அலசினோம். மற்றதை அப்படியே விட்டோம். இரண்டின் வழியாகவும் அதே பாலை வடிகட்டி, கொதிக்கவைத்து, இரண்டு குழாய்களைத் தாங்கியில் நிறுத்தினோம். ஆறவேண்டும். என் வேலைநாட்களில் அவ்வளவு நீளமாக எதுவும் ஆறினதில்லை. ஸ்டெல்லா கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முனியம்மா எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ, உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஆறியதும் வரதராஜன் சார் சொட்டுக்குழாயை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "நீங்க விடுங்க. உங்க பால் மேல வந்த பழி."

அவள் விட்டாள். ஒரு குழாய் நீலம். ஒரு குழாய் மஞ்சள்.

மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சங்கத்தை நிறுத்தவேண்டாம்" என்றார். மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வரதராஜன் சார் நிறம் மாறிய மூன்று கேன்களை எடுத்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை. "எப்படிச் சேர்ந்திருந்தாலும் மாவு மாவுதான்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஸ்டெல்லாவுக்கு வரவில்லை. "நாலாவது கேன எடுத்துக்கறீங்க இல்ல, அது போதும் சார்" என்றாள்.

முனியம்மாவுக்குத்தான் இன்னும் தீராத சந்தேகம். "துணியும் செடிலேர்ந்துதான வருது. அத்தயே மாவுன்னு காட்டிகினுகீதா?" நல்ல கேள்வி. பஞ்சும் மாவும் அடிப்படையில் ஒரே சர்க்கரையின் சங்கிலிதான். செடி நிமிர்ந்து நிற்பதற்கு ஒருவிதமாகக் கோத்தால் நார், நாளைக்குத் தேவைப்படும் என்று சேர்த்துவைக்க இன்னொருவிதமாகக் கோத்தால் மாவு. அயோடின் மாவை மட்டும் அடையாளம் காணும். கொதிக்கவைத்த துணி மஞ்சளாகவே நின்றதைக் காட்டி அதைச் சொன்னேன். "ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்க, வேலதான் வேற" என்று முனியம்மா எனக்கே திருப்பிச் சொன்னார். நான் அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பயிற்சி நடத்தினேன். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை.

திருப்பி எடுத்துப்போன பாலை அவர்கள் வீணாக்கவில்லை. விஜயதசமி என்று ஊருக்கே பாயசம் காய்ச்சிவிட்டார்கள். மறுநாள் காலை பால் லாரியில் ஸ்டெல்லாவும் ஏறி வந்தாள், கையில் ஒரு தூக்கு. பாயசம். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு முதலில் பாலைச் சோதித்தேன். நாலு கேனும் மஞ்சள். அவள் தாங்கியிலிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரதராஜன் சார் தூக்கைத் திறந்து, பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தார். "ஜவ்வரிசி. அயோடின் விட்டா நீலம்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் குடித்தார். அவர் சோதிக்காமல் வாயில் வைத்த ஒரே பொருள் எனக்குத் தெரிந்து அதுதான்.

ஸ்டெல்லா கிளம்பும்போது கொஞ்சம் அயோடின் கேட்டாள். சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆய்வகத்துப் பெண்ணுக்குச் சொல்கிறேன். உன் இயந்திரம் தப்புச் சொல்லாது. அன்றைக்கு என் நீலமும் தப்புச் சொல்லவில்லை. பாலில் மாவு இருக்கிறது என்றது, இருந்தது. யார் கலந்தார்கள் என்று அது சொல்லவேயில்லை. அதை நாங்களாகச் சேர்த்துச் சொல்லப் பார்த்தோம்.

அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. கொட்டகை இப்போது கட்டடமாகிவிட்டது, பாலை அளக்க மின்கருவி இருக்கிறது. முனியம்மா இப்போது இல்லை. ஸ்டெல்லா தலைவியாக இருக்கிறாள், ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் என்னைக் கூப்பிடுகிறாள். போன தடவையும் போயிருந்தேன். புது வடிகட்டும் துணியைக் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்துக் கொண்டுவந்தார்கள். ஊரின் சின்ன மருமகள்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருத்தி துணியின் ஒரு மூலையில் அயோடின் ஒரு சொட்டு விட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் வரவில்லை. அதன் பிறகுதான் எதிர் மூலையில் மஞ்சள் வைத்தார்கள்.